பிடரியில் ஈரம்

சிமெண்டு மூட்டை இறக்கிவிட்டு வந்தவன், தொண்டையில் இன்னும் தூசி கரகரக்க, கையை மட்டும் கழுவிக்கொண்டு பூனைக்குத் தீனி வைத்தான். அது சளப் சளப்பென்று தின்னும் சத்தத்தைக் கேட்டபடியே அதன் பிடரியைத் தடவியவனின் விரல் ஈரத்தில் பட்டு நின்றது. மோந்து பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெடி. இன்சுலின் நெடிதான் அது. ஆனால் மருந்துப் புட்டி இன்னும் ஃப்ரிட்ஜைவிட்டு வெளியே வரவே இல்லை.

பூனை கரிச்சட்டிக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் ஊசி. போன மாதம்வரை மனைவிதான் போட்டாள். அது தின்னும்போதே பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கிக் குத்தி எடுத்துவிடுவாள். கரிச்சட்டி தலையைக்கூட நிமிர்த்தாது. அவன் முதல்முறை குத்தியபோது ஊசி மறுபக்கம் வந்து மருந்தெல்லாம் முடியில் வழிந்தது. "அது கையா, மண்வெட்டியா?" என்று சிரித்தாள். சாகக் கிடந்தபோதும் அதே பேச்சுதான்: "எனக்காக அழுதுட்டு உக்காராதய்யா. சட்டிக்கு வேளாவேளைக்கு ஊசி போடு, போதும்."

மிருக டாக்டருக்கு ஃபோன் போட்டான்.

"யாரோ போட்டுட்ட மாதிரி இருக்கு டாக்டர்."

"வீட்ல வேற யாருண்ணே இருக்கா?"

"யாருமில்ல."

"அப்ப நீங்களே போட்டுட்டு மறந்திருப்பீங்க. சந்தேகம்னா போடாதீங்க. ஒரு வேளை விட்டாப் பரவால்ல. ரெண்டு தடவை ஏறுச்சுன்னா உசுரு போயிடும். தள்ளாடுச்சுன்னா ஈறுல தேன் தடவித் தூக்கிட்டு வாங்க."

போடவில்லை. அந்த விரலைக் கழுவாமலே படுத்தான்.

மறுநாள் மாலை பிடரி காய்ந்திருந்தது. மடியில் வைத்துச் சுத்தமாகப் போட்டான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பார்க்கத்தான் அவள் இல்லை.

சிரிஞ்சைக் கீழே வைக்கும்போது, அடுப்படியில் ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் பிரியும் சத்தம். பிறகு புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும் சத்தம். குலுக்காமல், மெல்ல. அவள் உருட்டுவதுபோல.

"வந்துட்டியா?" என்றான்.

வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. நெருங்கியது.

மடியில் பூனையின் பிடரித் தோல் எழுந்தது. கூடாரமாய். யாரும் தொடாமல்.

அப்போதுதான் டாக்டர் சொன்னது மண்டையில் இறங்கியது.

"ஏய், போட்டாச்சு. இப்பத்தான் போட்டேன். வேணாம்டி."

உள்ளங்கையால் பிடரியைப் பொத்தினான். கைக்கு அடியில் சில்லென்று இரண்டு விரல்கள் நுழைந்தன. தோலைத் தூக்கின. ஈரம்.

கொஞ்ச நேரத்தில் பூனையின் பின்னங்கால் இழுத்தது. தேனைத் தொட்டு ஈறில் தேய்த்தான். மார்போடு அணைத்துக்கொண்டு கதவுக்கு ஓடினான்.

"விட்டுடுடி. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

கரிச்சட்டி அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. கண் சொருகியது. குர்குர்ரென்று தொண்டை திறந்தது. அவள் போன பிறகு முதல் தடவை.

அவன் நெஞ்சின்மேலேயே, பிடரித் தோல் மறுபடியும் எழுந்தது. மெதுவாக. நோகாமல்.