இரண்டாவது பொத்தான்

தடால்!

நிலவறைப் படியின் மூன்றாவது பலகை கீழே சிமெண்ட் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. தையல்காரம்மா கால் நுனியால்தான் அதைத் தொட்டிருந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். பிறகு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடும் கையிலிருந்த டார்ச்சோடும் தெருவில் இறங்கி ஓடினாள்.

தீப்பிடித்த கிடங்குகளை ஆராய்வதிலேயே முடி நரைத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த தெருக்காரரின் வீட்டில் போய் நின்றாள். ஊரில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். கூடவே இருக்கும் மைத்துனனின் பெயர் 'பட்டாசு'. காரணத்தை அவன் வாயைத் திறந்ததும் தெரிந்துகொள்ளலாம்.

"கொலை முயற்சிதான் மாமா! சந்தேகமே இல்லை!"

"முதல்ல அவங்களுக்குத் தண்ணி குடு" என்றார் நிதானம்.

அவள் பாதித் தண்ணீரைச் சேலையில் சிந்திக்கொண்டே சொன்னாள். "தினமும் பத்து மணிக்குத் துணி எடுக்கக் கீழ போவேன் சார். டார்ச்சத் தட்டினேன், பளீர்னு எரிஞ்சுது. அதனாலதான் பலகையில ஸ்க்ரூ ஒண்ணுகூட இல்லாதது கண்ல பட்டுச்சு. நேத்து மாதிரி மங்கலா எரிஞ்சிருந்தா..."

"நேத்து ஏன் மங்கல்?"

"நேத்து சாயங்காலம் தம்பி இதுல ஒரு ரெசிஸ்டர் வச்சு, அடிமூடியில ரெண்டாவது பொத்தான் போட்டுக் குடுத்தான். அமுக்கினா வெளிச்சம் குறையும், செல் ரொம்ப நாள் வரும். குறைச்சு வச்சுத்தான் ஆணியில மாட்டினேன்."

நிதானம் அடிமூடியைத் திருகினார். உள்ளே இரண்டு நீல நிறச் செல்கள்.

அவள் முகம் வெளிறியது. "தம்பி புதுசா போட்டது சிவப்பு சார்!"

"வீட்டுல யார் யாரு?"

"நான், தம்பி, நாத்தனார், அவரு. மூணு மாசம் முன்னாடி வண்டியிலேர்ந்து விழுந்ததுல அவருக்குக் கண்ணு போயிடுச்சு. ஏன்னு டாக்டருக்கே புரியல. ராத்திரி ரெண்டு கதவும் உள்பக்கம் தாழ் சார். வீடு என் பேர்ல இருக்கு. விக்கச் சொல்லி ஆளாளுக்கு நச்சரிக்கறாங்க." "மூணு பேர்ல ஒருத்தர்னா, இன்னிக்கு நான் யார் கையால சாப்பிடறது?"

அரை மணி நேரத்தில் எல்லோரும் அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். கணவர் சாய்வு நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியோடு. நாத்தனார் சுவரோரம். தம்பி தையல் மெஷின்மேல் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளோ வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

குப்பைக் கூடையைக் குடைந்த பட்டாசு கையைத் தூக்கினான். "மாமா! சிவப்புச் செல்!"

நிதானம் அவற்றை டார்ச்சில் போட்டுத் தட்டினார். எதிர்ச் சுவரில் வெள்ளை வட்டம் பளிச்சென்று விழுந்தது.

"புத்தம் புதுசு. இத ஏன் தூக்கிப் போடணும்?" அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "படியில ஸ்க்ரூ கழட்ட வெளிச்சம் வேணும். வந்தவர் டார்ச்சத் தட்டினார். மங்கலா எரிஞ்சுது. செல் தீந்துபோச்சுன்னு நினைச்சு மாத்தினார். மூடியத் திருகி இறுக்கறப்ப பொத்தான் தானா அமுங்கிச்சு, வெளிச்சம் வந்துச்சு. தான் நினைச்சதுதான் சரின்னு நம்பிட்டார். அந்த வெளிச்சம்தான் இவங்க உயிரக் காப்பாத்துச்சு."

"அப்போ பொத்தான் இருக்கறதே தெரியாத ஆளு!" என்றான் பட்டாசு.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் நாத்தனார் படபடவென்று. "நாலு தரம் அமுக்கிக் காட்டி உசுர வாங்கிட்டானே இவன்! அண்ணியக் கேளுங்க."

"ஆமா" என்றாள் அவள்.

"போட்டதே நான்தானே சார்" என்றான் தம்பி. "இங்க எல்லாருக்கும் காட்டினேன். அத்தான் அப்போ உள்ள படுத்திருந்தார், அவருக்கு மட்டும்தான் சொல்லல. கண்ணு தெரியாதவருக்கு டார்ச் எதுக்குன்னு..."

அவன் வாய் பாதியில் நின்றது.

தையல்காரம்மாவின் கண்கள் மெல்ல அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குத் திரும்பின. அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து அவள் எத்தனை நாள் அழுதிருக்கிறாள்! எத்தனை நாள் கையைப் பிடித்து நடத்திப் போயிருக்கிறாள்!

சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. பட்டாசு சத்தமில்லாமல் போய் வாசலை மறித்து நின்றான்.

நிதானம் டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடியக் கழட்டுங்க சார். மூணு மாசமா உங்க சம்சாரத்த ஒளிஞ்சிருந்து பாத்தது போதும்."