ஏழாவது முடிச்சு

“ஆறு” என்று ஹாஜா மைதீன் குரல் கொடுத்து முடித்ததும், அவருக்குப் பின்னால் பனிக்குள்ளிருந்து யாரோ “ஏழு” என்றார்கள்.

ஏரியில் இறங்கியிருந்தது ஆறு பேர்தான். ஆறாவது ஆள் அவர். கயிற்றின் கடைசி ஆளும் அவரே. அவருக்குப் பின்னால் ஆகாயத்தாமரையும் பனியும் தவிர ஒன்றும் கிடையாது.

கரையில் விசிலோடு நின்றிருந்த செம்மொழி டீச்சர் சிரித்தார். பனியில் முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

“என்ன ஹாஜா பாய், ரெண்டு தடவ சொல்றீங்க? இப்ப ஆறு பேருதானே?”

“நான் சொல்லல டீச்சர்.”

“உங்க குரல் எனக்குத் தெரியாதா? மூக்கால பேசினா வேற ஆளாயிடுவீங்களா பாய்?”

முன்னால் யாரோ இருவர் சிரித்தார்கள். அரிவாள்கள் மறுபடி சளக் சளக்கென்று தண்டுகளை அறுக்கத் தொடங்கின. ஹாஜா மைதீன் மட்டும் மார்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றார். அந்த மூக்குக் குரல் அவருடையதுதான். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் அதை மூன்று வாரத்துக்கு முன்னால் பேசியிருந்தார்.

அல்லியேரி வலங்கைமானிலிருந்து நாலு மைல். ஊரில் பாதிப் பேர் துபாய்க்கும் மலேசியாவுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். ஏரியைப் பார்க்க ஆளில்லாத நேரம் பார்த்துச் செங்கல் சூளைக்காரர்கள் அடிமண்ணை வெட்டிக்கொண்டு போனார்கள். மிச்சத்தை ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. நாரை வருவது நின்றது, கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போவதும் நின்றது. போன தைக்குத்தான் செம்மொழி டீச்சர் ஆள் சேர்த்தார். சவூதியில் தமாமிலிருந்து திரும்பி வந்து எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஹாஜா மைதீன் முதலில் பெயர் கொடுத்தார். தன் கூட்டாளி தங்கையனையும் இழுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிந்ததும் வேலை. தாமரை ஆள் உயரம் வளர்ந்திருக்கும், பக்கத்து ஆள் தெரிய மாட்டார். அதற்காக டீச்சர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். நீளமான தேங்காய் நார்க் கயிறு, அதில் ஏழு முடிச்சு, முடிச்சுக்கு ஓர் ஆள். கால் மணிக்கொரு தரம் விசில் ஊதுவார். ஒவ்வொருவரும் வரிசையாகத் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஓர் எண் வரவில்லையென்றால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு அந்த முடிச்சுக்கு ஓட வேண்டும்.

ஏழாவது முடிச்சு தங்கையன். அவனுக்கு நடுவில் ஒரு பீடி பிடித்தாக வேண்டும். வேலை நேரத்தில் கரையேறினால் டீச்சர் திட்டுவார் என்று கோரைப் புதருக்குள் நழுவுவான். அவன் எண்ணை ஹாஜா மைதீன் மூக்கால் சொல்லிவிடுவார். ஐந்தாம் வகுப்பில் அவனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொன்ன அதே குரல். நாற்பத்திரண்டு வயதிலும் அது இருவருக்கும் சிரிப்பாகவே இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பும் சொன்னார். கால் மணி கழித்து இன்னொரு தரமும் சொன்னார்.

கரையேறிய பிறகுதான் தங்கையனின் செருப்பு கரையிலேயே கிடப்பதைப் பார்த்தார். நீல வார் ரப்பர் செருப்பு, இடதுகாலில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. பீடிக்குப் போனவன் வரவில்லை. ஒருவேளை பீடிக்கே போகவில்லை. அப்போது கத்தியிருக்கலாம். கத்தியிருக்க வேண்டும். ‘நீதானே ஏழுன்னு சொன்னே’ என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயத்தில் கத்தவில்லை. அவன் முன்னாலேயே ஏறிப் போய்விட்டான் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, அழுகிய தாமரைக் குவியலுக்குள் செருப்பைக் காலால் தள்ளினார். ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

தங்கையனின் பாஸ்போர்ட் மலேசியா ஏஜெண்டிடம் இருந்தது. எந்த நிமிஷமும் கிளம்பச் சொல்வார்கள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது.

அவன் மனைவி சாவித்திரி மட்டும் தினமும் பூத்துக்கு வந்தாள். “போன் ஏதும் வந்துச்சா பாய்?” என்பாள். கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “பையி வீட்டுலயே கெடக்கு. செருப்பு மட்டுந்தான் காணோம். செருப்பப் போட்டுட்டுப் போன மனுசன் எங்கயாச்சும் நல்லாத்தானே இருப்பாரு?”

“லைன் கெடைக்கிறது கஷ்டம் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அவர் மீட்டரைப் பார்ப்பார்.

தங்கையன் கடைசியாக நின்றிருந்த மேற்கு மூலையில் பாம்பு கிடக்கிறது என்று சொல்லி இரண்டு ஞாயிறு ஆட்களைத் திருப்பிவிட்டார். இன்று முடியவில்லை. மிச்சமிருந்தது மேற்கு மூலை மட்டும்தான். விடியற்காலைத் தொழுகையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தானே முதலில் போய்ப் பார்ப்பது, பார்த்ததும் கத்துவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. சாவித்திரி காலில் விழுவது. அதற்காகத்தான் கடைசி ஆளாக நிற்க ஆறாவது முடிச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்த மூலைக்கு இருபது முழம்கூட இல்லை.

பனி வெள்ளைத் துணி காயப்போட்டது மாதிரி தாமரைமேல் அசையாமல் தொங்கியது. ஊறிய வைக்கோல் நாற்றமும் சேற்று நாற்றமும், அவற்றுக்கு அடியில் வேறொரு இனிப்பான நாற்றமும் மூக்கில் ஏறின. எங்கோ ஒரு நீர்க்கோழி கூவத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டது. அவர் தண்டுகளை விலக்கி, காலால் சேற்றைத் துழாவித் துழாவி நடந்தார். வேர்கள் தண்ணீருக்குள் முடியைப்போல முழங்காலைத் தடவின. கரையிலிருந்து மகள் நுஸைபாவின் பேச்சுக் கேட்டது. ஞாயிறுதோறும் டீ எடுத்துக்கொண்டு வருவாள். எட்டு வயது. டீச்சரிடம் ஏதோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பீடி வாசனை வந்தது.

பச்சைப் பீடி. இப்போதுதான் பற்றவைத்தது. மிக அருகில்.

“தங்கையா?” என்றார். குரல் எழும்பவில்லை.

அவருக்குப் பின்னால் மிதந்துகொண்டிருந்த வால்கயிறு, ஆளில்லாத அந்த ஏழாவது முடிச்சு, மெல்ல இழுபட்டது. மீன் கடித்த தூண்டில்போல ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். பிறகு இறுகி அப்படியே நின்றது.

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று உதடு மட்டும் முணுமுணுத்தது.

விசில் ஒலித்தது.

“ஒண்ணு” என்றார் நல்லக்கண்ணு. “ரெண்டு.” “மூணு.” குரல்கள் தூரம் தூரமாக வந்தன. “நாலு.” “அஞ்சு” என்றான் மூஸா.

ஹாஜா மைதீனுக்கு அந்த யோசனை அப்போதுதான் வந்தது. பேசாமல் இருந்துவிடலாம். எண் வராவிட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள். ஐந்து பேரும் அரிவாளோடு இங்கே வருவார்கள். பார்ப்பார்கள். நடப்பது நடக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஆறு.”

அவர் குரல். மூக்குக் குரல்கூட இல்லை, அவருடைய சொந்தக் குரல். பூத்தில் பேசும் குரல். தொழுகைக்கு மகளை எழுப்பும் குரல். அவருக்கும் கரைக்கும் நடுவிலிருந்து வந்தது.

“சரி, எல்லாரும் இருக்கீங்க” என்றார் டீச்சர். “போதும், ஏறிடுங்க. பனி வெலகல. மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

“நான் இங்க இருக்கேன்! டீச்சர்! அது நான் இல்ல...”

கயிறு சுண்டியது.

காலடியில் தரை இல்லை. சூளைக்காரர்கள் வெட்டிய குழி. தண்ணீர் வாயை அடைத்தது, காதை அடைத்தது. மேலே தாமரை ஒன்றோடொன்று சேர்ந்து கதவு சாத்துவதுபோல மூடிக்கொண்டது. இருட்டு. வேர். வேருக்கு நடுவில் துணி. துணிக்குள் கனம். அது அவர்மேல் மெல்லச் சாய்ந்தது. அவர் உதைத்தார், பிய்த்தார், கடித்தார். ஒரு கை வெளியே போனது. வேரைக் கிழித்துக்கொண்டு முகத்தைப் பாதி மேலே கொண்டுவந்தார். கண் மட்டும் தண்ணீருக்கு மேலே. வாய் கீழே.

கரை தெரிந்தது.

இத்தனை நேரம் இல்லாத வெளிச்சம் அங்கே விழுந்திருந்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள். நல்லக்கண்ணு. அவருக்குப் பின் மூவர். மூஸா. மூஸாவுக்குப் பின்னால் இன்னொருவன் ஏறினான். கட்டம் போட்ட கைலி. அவருடைய கைலி. அவருடைய வெள்ளைப் பனியன், அவருடைய முதுகு. செருப்பு வரிசைக்குப் போனான். ஹாஜா மைதீனின் தோல் செருப்பைத் தாண்டினான். ஓரத்தில் அழுகிக் கிடந்த குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, நீல வார் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“ஆறு பேரும் ஏறியாச்சு” என்று டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கத்த வாயைத் திறந்தார். சேறு உள்ளே போனது. கீழே, அவர் கணுக்காலை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. இழுக்கவில்லை. எந்த அவசரமும் இல்லாமல் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது.

“அத்தா, டீ” என்று நுஸைபா டம்ளரை நீட்டினாள்.

அவன் வாங்கிக் குடித்தான். குடித்த டீ அவன் முகவாயிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவன் டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினான். நுஸைபா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் நின்றாள். கையை விடுவித்து உள்ளங்கையைப் பார்த்தாள். பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு மறுபடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.