சின்னவனின் அளவுக்கு

“ஆறா, ஏழா? ஒழுங்கா எண்ணிச் சொல்லு தாயே.”

“ஆறு சர்வர்தான். எதிர்லயே நின்னு பாத்துட்டிருக்கேன்.”

“என் திரையில ஏழுன்னு காட்டுதே. அந்த வரிய எடுத்தியா, இல்லையா?”

“எடுத்துட்டேன்,” என்றாள். பொய்.

போனில் ‘ச்’ என்று ஒரு சத்தம். எதையும் சொல்வதற்கு முன் நாக்கைத் தட்டுகிற அந்த மூத்த ஊழியருக்குப் பல்லி என்று பெயர் வைத்தது, இதே அலுவலகத்தில் வேலை பார்த்த அவள் தம்பிதான். விடுமுறை நாள். பல்லி வீட்டிலிருந்தபடி திரையைக் கவனிக்க, ஜன்னலில்லாத சர்வர் அறையில் அவள் மட்டும் நின்றாள். குளிர்காற்றும் சூடேறிய தூசியின் வாசனையும், ஆறு சர்வர் பெட்டிகளின் விசிறிகள் சேர்ந்து எழுப்பும், காதுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் ஓயாத இரைச்சலும் அவளைச் சுற்றி இருந்தன.

ஒவ்வொரு சர்வருக்குள்ளும் நூறு மெய்நிகர் கணினிகள், ஒரே வீட்டில் நூறு குடித்தனம் போல. ஒரு சர்வர் பழுதானால், அதில் இருப்பவை ஓடிக்கொண்டே இன்னொன்றுக்குக் குடிபோகும். போனதே அவற்றுக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, எல்லா ப்ராசஸரும் ஒன்றுபோலத் தோன்ற வேண்டும். புதியவை தாங்கள் கூடுதலாகக் கற்ற வித்தைகளை மறைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பழையதன் அளவுக்கு இறங்கிவர வேண்டும். கையால் செய்தால் நாள் முழுக்க ஆகிற அந்த வேலையைத் தானாகவே செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதியவன் தம்பி. பழைய சர்வருக்கு அதில் அவன் வைத்த பெயர் ‘சின்னவன்’. வீட்டில் அவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஸ்கிரிப்டில் ஒரு பிழை இருந்தது. பதில் சொல்லாத சர்வரை அது ஒதுக்கிவைக்காது. ஒன்றுமே தெரியாதது என்று எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதன் மட்டத்துக்கு இறக்கப் பார்க்கும். திருத்த அவனுக்கு நாள் கிடைக்கவில்லை, நரம்பு நோய் முந்திக்கொண்டது. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு கையெழுத்து. பிறகு சொற்களின் கடைசி எழுத்துகள். கடைசியில் விழுங்குவது. எட்டே மாதம்.

அவன் இறந்த வாரத்திலேயே பழைய சர்வரையும் கழற்றித் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஸ்கிரிப்டின் பட்டியலிலிருந்து ‘சின்னவன்’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் அவள் நீக்கியிருக்க வேண்டும். அவன் விரல் தட்டிய எழுத்துகள். இரண்டு மாதமாகத் திறந்து பார்ப்பதும் மூடிவிடுவதுமாக இருந்தாள்.

“சரி, ஸ்கிரிப்ட ஓட விடு. எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு விருந்தாளி வர்றாங்க,” என்றார் பல்லி.

ஓடவிட்டாள். பதில் இல்லை என்று வந்தால் நிறுத்திவிடலாம், நாளைக்கு நீக்கிவிடலாம் என்று மனதுக்குள் தவணை சொல்லிக்கொண்டாள்.

‘சின்னவன்: பதில் வந்தது.’

நிமிர்ந்து பார்த்தாள். அடுக்கில் சின்னவன் இருந்த இடம் கறுத்த பொந்தாக இருந்தது. இரண்டு கேபிள்கள் எதிலும் சேராமல் தொங்கின. ஆறு விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் ஏழாவதாக ஒன்று, சளி கட்டிய நெஞ்சைப் போல இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பொந்துக்குள் கையை நீட்டினாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவன் தலையணையில் இருந்த அதே வெதுவெதுப்பு.

‘முதல் சர்வர்: இறக்கப்பட்டது.’

குளிர் ஏறவே ஸ்வெட்டரின் பொத்தானைப் போடப் போனாள். விரல்கள் பொத்தானைச் சுற்றிச் சுற்றி வந்தன. போடத் தெரியவில்லை.

‘இரண்டாவது: இறக்கப்பட்டது.’

“ஏம்மா, எல்லாம் கீழ போயிட்டிருக்கு! எதோட அளவுக்கு இறக்குது இது? நிறுத்து!”

நிறுத்தத் தெரியும். அந்த வரியைத் தேர்ந்து கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆள்காட்டி விரலுக்கு இன்னும் உயிர் இருந்தது. விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். இழுத்து இழுத்து ஓடும் அந்த ஏழாவது விசிறியைக் கேட்டாள்.

அழுத்தினால் அது நின்றுவிடும்.

ஒரு தடவை, தம்பியின் கட்டிலருகே, இதே இழுப்பு நின்றதைக் கேட்டவள் அவள்.

விரலை எடுத்தாள்.

‘மூன்றாவது. நான்காவது.’

“தம்பி இருக்கா...” என்றாள் போனில். கடைசி எழுத்து வரவில்லை.

“என்ன உளர்ற? ஏன் குரல் குழறுது? உடம்பு சரியில்லையா?”

போன் நழுவி விழுந்தது. குனிய முடியவில்லை. இப்போது பயம் வந்தது, நிஜமான பயம். விரலைத் திரும்பப் பொத்தானுக்குக் கொண்டுபோக நினைத்தாள். நினைப்பு மட்டும் போனது. கை மேஜைமேலேயே கிடந்தது, யாருடையதோ போல.

‘ஐந்தாவது. ஆறாவது.’

தரையில் பல்லியின் குரல். தூரத்தில். பிறகு அதுவும் இல்லை.

எச்சில் ஊறியது. விழுங்கப் பார்த்தாள்.

இறங்கவில்லை.

திரையில் பட்டியல் ஒரு வரி நீண்டது. யாரும் தட்டச்சு செய்யவில்லை.

‘அக்கா: இறக்கப்பட்டது. குடிமாற்றத்துக்குத் தயார்.’

ஏழாவது விசிறி நின்றது.

அறையில் யாரோ இழுத்து இழுத்து மூச்சுவிட்டார்கள். அவள் நெஞ்சுதான் ஏறி இறங்கியது. மூச்சை விட்டது அவள் அல்ல. அவள் உதடுகள், அவளைக் கேட்காமல், மெல்லப் பிரிந்தன. அவள் வாய்க்குள்ளிருந்து, கடைசி எழுத்துகள் தேய்ந்த குரலில்:

“அக்கா... கொஞ்சம் தள்ளிக்கோயே...”