நானூற்றுப் பதினேழு

காலையில் எழுதிய எண் மத்தியானம் காணோம்.

சகாயசெல்வி கையில் அகல் ஏந்திய பாவை விளக்கைச் சாய்த்து, பீடத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். வெறும் பித்தளை. நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் கறுப்பு மையில் எண், காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. மூன்று வருஷமாக நானூற்றுப் பதினாறு பொருட்களுக்கு இப்படித்தான் எழுதியிருக்கிறாள், ஒன்றுகூட அழிந்ததில்லை. நிலக்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்த இந்த ஒன்றரையடிப் பொம்பளை மட்டும் மூன்றாவது முறையாக உயிரை எடுக்கிறாள்.

பேகம்பூரில் தோல் கிடங்காக இருந்த கட்டிடம் அது. ஜன்னல் கிடையாது. முதலாளி அப்துல் சுக்கூர் ஆசையாய்ச் சேர்த்த சிலைகளும் பீங்கான்களும் இப்போது அங்கே காட்சிக்கு இருந்தன. தோல் வாடை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. நாலு மணிக்குச் சரிபார்ப்பு. ஒரு பொருளுக்கு எண் இல்லாவிட்டாலும் வேலையை நீட்டிக்க மாட்டேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“அண்ணே, இத யாராச்சும் தொட்டீங்களா?”

வாசலில் இருந்த காவலாளி ஆண்டிச்சாமி எட்டிப் பார்த்தார். “நான் எதுக்கும்மா தொடப்போறேன்? சாவி ஒன்கிட்டதான இருக்கு. அது மொகமே எனக்கு ஆகாது.”

மை இறங்குகிறதா என்று முதலில் தன் இடது மணிக்கட்டில் எழுதிப் பார்ப்பது அவள் வழக்கம். எந்தப் பொருளோ அதன் எண்ணையே எழுதுவாள், தப்பு வராது. பாலிஷும் அங்கேயே ஒரு தீற்று. வீட்டுக்குப் போகுமுன் ரிமூவர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஆனால் திங்கட்கிழமை எழுதிய 417 போகவே இல்லை. பஞ்சு, ரிமூவர், தேங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்தும் தோல் சிவந்ததுதான் மிச்சம்.

இப்போது அந்த இடத்தை விரலால் தட்டினாள். ணங் என்றது.

கரண்ட் போனது.

தோல் வாடையோடு நல்லெண்ணெய் வாடையும் கருகிய திரி வாடையும் கலந்து வந்தன. பயத்தில் டார்ச்சை மேஜைமேல் இருந்த பதிவேட்டின் பக்கம் திருப்பினாள். அவளுடைய கையெழுத்துதான். அடித்தல் திருத்தல் எதுவுமில்லை.

417. பாவை விளக்கு. உயரம்: ஐந்தடி ஓர் அங்குலம். அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு.

அவள் கை தானாகப் புருவத்துக்குப் போனது. சின்ன வயசிலிருந்து இருக்கும் தழும்பு சில்லென்றிருந்தது. டார்ச் மேஜைமேல் விழுந்து உருண்டு, அதன் மறுகோடியில் வெளிச்சம் அடித்தது. விளக்கு நின்ற இடம் காலி.

ஓட நினைத்தாள். கால் வரவில்லை. கூப்பிட நினைத்தாள். வாய் திறக்கவில்லை. இரண்டு கைகளும் மெல்ல மார்புக்கு நேரே வந்து, அகல் ஏந்துவதுபோல் சேர்ந்துகொண்டன. பிரிக்க முடியவில்லை.

செருப்புச் சத்தம். பொறுப்பாளர் ஹாமித் டார்ச்சும் பட்டியலுமாக வந்தார்.

“கரண்டு வர்றப்ப வரட்டும், முடிச்சிருவோம்” என்றபடி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டு வந்தார். நானூற்றுப் பதினைந்து. நானூற்றுப் பதினாறு.

சார். நான்தான் சார். உள்ளுக்குள்ளேயே கத்தினாள்.

வெளிச்சம் அவள் முகத்தில் நிற்காமல் இறங்கி மணிக்கட்டில் நின்றது.

“நானூற்றுப் பதினேழு. இருக்கு.” டிக் அடித்தார். “அம்புட்டும் சரியா இருக்கே! ஒன் வேலைக்கு ஒண்ணும் பயமில்ல செல்வி. பூட்டிட்டு வாம்மா.”

அவளுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல் பதில் சொன்னது.

“வாரேன் சார். வெளக்கப் பொருத்திட்டு வாரேன்.”

உள்ளங்கைக் குழியில் எண்ணெய் ஊறி நிறைந்தது. காதருகே தீக்குச்சி உரசும் சத்தம்.