மஞ்சள் குடைக்குப் பின்னால்

முதல் அரண்மனையில், கண்ணாடி மண்டபத்தின் அந்தக் கோடி வாசலில் ஒரு மஞ்சள் குடை உயர்ந்து நின்றது. மடக்கிய குடை. ஒரு கம்பி மட்டும் உடைந்து வெளியே தொங்கியது. சுற்றுலா வழிகாட்டிக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் அதே உடைந்த கம்பியோடு அதே குடை அவள் கையில் இருந்தது. இத்தனை கண்ணாடி உள்ள இடத்தில் ஒன்று கண்ணாமூச்சி காட்டாமலா இருக்கும். நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது. அந்த வாசலில் கண்ணாடியே கிடையாது.

பதினோரு வருஷமாக அவள் இதே தடத்தில் ஆட்களை மேய்க்கிறாள். காலையில் இரண்டு அரண்மனை, மதியம் கடற்கரை, இருட்டுமுன் வீடு. கம்பெனியில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பஸ் கிளம்பியதுமே மைக்கைப் பிடித்துவிடுவாள்: "என் மூஞ்சியப் பாக்காதீங்க, குடையப் பாருங்க. குடை எங்க போகுதோ அங்க போங்க. பெத்த தாயே கூப்பிட்டாலும் திரும்பாதீங்க." எல்லோரும் சிரிப்பார்கள், சொன்னபடியும் கேட்பார்கள். இன்று இருபத்திரண்டு பேர். அதில் ஒருத்தி அவளுடைய அக்கா. பதினோரு வருஷமாகத் தங்கையின் சீருடையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பியவள், "அப்படி என்னதான்டி காட்டுற?" என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிளம்பி வந்திருந்தாள்.

இரண்டாவது அரண்மனையில் வாடை முந்திக்கொண்டு வந்தது. பலகைத் தரையின் மெழுகு மணத்துக்குள் உப்பும் பாசியும் கலந்த நாற்றம், அறைக்கு அறை சொட்டுச் சொட்டாக ஈரம், கடலோ இன்னும் ஒரு மணி நேரத் தூரம். அவள் ஓர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அடுத்த அறையின் திரைக்கு அப்பால் மஞ்சளாக ஒன்று மெல்லத் திரும்பி மறைந்தது. துடைப்பத்தோடு வந்த காவலாளி கடுகடுத்தார்.

"வெளிய மழையா மேடம்? உங்க குடை இப்படிச் சொட்டுது?"

அவள் குடையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

மாடியிலிருந்து அக்கா மூச்சிரைக்க இறங்கி வந்தாள், பின்னால் ஏழெட்டுப் பேர்.

"ஏன்டி, கால்ல சக்கரமா கட்டியிருக்க? நான் தொண்டை கிழியக் கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்காமப் போற."

"நான் மாடிக்கே வரலக்கா."

"குடை வந்துச்சே!"

அவளுக்குக் கோபம் ஏறியது. பயந்து ஒதுங்குகிற ரகமில்லை அவள். "என் ஆளுங்ககிட்டயா உன் வேலைய காட்டுற? பாத்துடலாம்" என்று காலி அறையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

கடற்கரையே வேண்டாம் என்று முடிவு செய்தாள். எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி எண்ணினாள். இருபத்திரண்டு. இனி எவர் கண்ணிலும் குடை என்பதே படக்கூடாது என்று தன் குடையை பஸ்ஸுக்கு அடியில் சாமான் அறையில் போட்டுப் பூட்டினாள். திரும்பும் சாலை கடலோரமாகத்தான் போனது. இவர்களுக்காக டீ போட்டு வைத்திருக்கும் கடைக்காரரிடம் வேண்டாமென்று சொல்ல அவள் மட்டும் இறங்கினாள். இரண்டே நிமிஷம்.

திரும்பி வந்தபோது பஸ் காலி.

டிரைவர் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். "நீதானேம்மா தண்ணிப் பக்கம் நின்னு குடையத் தூக்கிக் காட்டுன?"

அப்போதுதான் புரிந்தது. தன் குடையைத் தானே பூட்டி வைத்துவிட்டாள். அவர்கள் கண்ணுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு குடை.

கடல் சத்தமில்லாமல் கிடந்தது. இருபத்திரண்டு தலைகள். சிலருக்கு இடுப்பளவு தண்ணீர், சிலருக்குக் கழுத்தளவு. எல்லோருக்கும் முன்னால், ஆழத்தில், மஞ்சள் நுனி. அதற்கு அடுத்து அக்காவின் கொண்டை.

"அக்கா!"

ஒருவரும் திரும்பவில்லை. பெத்த தாயே கூப்பிட்டாலும் திரும்பாதே என்று சொல்லிக் கொடுத்தவள் அவளேதான்.

பூட்டைத் திறந்து குடையை உருவிக்கொண்டு ஓடினாள். தண்ணீருக்குள் இறங்கினாள். மார்பளவு. குடையை விரித்து, கை போகும் மட்டும் தூக்கினாள். "ஏய்! இது என் கூட்டம். வேற ஆளப் பாரு!" பிறகு, பதினோரு வருஷக் குரலில்: "வாங்க வாங்க, எல்லாரும் குடைக்குப் பின்னால வாங்க!"

கரையைப் பார்த்து நடந்தாள். ஒரு நொடி எதுவும் இல்லை. அப்புறம் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கலங்கும் சத்தம். காலடிகள். நிறையக் காலடிகள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

மணலில் ஏறித் திரும்பினாள். ஒவ்வொருவராக வந்து இருமி விழுந்தார்கள். டிரைவர் சத்தமாக எண்ணினார். "பத்தொம்பது... இருபது... இருபத்தொண்ணு..."

எண்ணிக்கை நின்றது.

அடுத்து வந்தவர் அவர்கள் ஆள் இல்லை. அதற்கடுத்த இருவரும் இல்லை. ஊதிப்போன விரல்களில் அரண்மனை டிக்கெட். என்றோ வழக்கொழிந்த உடுப்புகள். இருவர் இருவராக, தள்ளாமல், முந்தாமல், நல்ல பயணிகளின் ஒழுங்கோடு. எல்லாக் கண்களும் குடையின் மேல்.

"அம்மா, குடையக் கீழ போடு." டிரைவர் இரண்டடி பின்வாங்கினார். "போட்டுடு. நின்னுடுவாங்க."

"எங்கக்கா இன்னும் வரல."

வரிசை அடிவானம் வரை இருந்தது. அதில் எங்கோ அக்கா. குடை இறங்கினால் அக்காவும் நின்றுவிடுவாள்.

நனைந்த தோள் ஒன்று அவள் தோளை ஒட்டி வந்து நின்றது. இன்னொன்று. அவள் நகரவில்லை. குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

"வாங்க," என்றாள். "வாங்க வாங்க."

அலையிலிருந்து அடுத்த இருவர் எழுந்தார்கள்.