மிச்சமிருந்த செருப்பு

ட்ரிங்... ட்ரிங்...!

ராணுவ வெடிச்சோதனைத் திடலின் வாசல் அறை. காலை பத்து ஐம்பது. உள்ளே போன, வெளியே வந்த ஒப்பந்த ஆட்களின் கணக்கைக் காகிதத்தில் சரிபார்க்கும் கிளார்க், இன்டர்காமை எடுத்தாள்.

"அக்கா!"

தங்கை. குண்டறையைப் பெருக்கும் அரைநாள் வேலைக்காரி.

"காகிதத்துல அறுபது ஆளு. ஆனா வாசல்ல தினம் செருப்பை எண்றேன்க்கா... நாப்பத்தொரு ஜோடிதான்! மீதிப் பேரு ஆளே இல்..."

'வீல்!'

லைன் செத்தது.

பதினோரு மணிக்கு அதே குண்டறையில் வெடிச்சோதனை! வெளியே ஓட எழுந்தாள்.

வழியை மறித்துக்கொண்டு நின்றான், ஒப்பந்தக்கார மேஸ்திரி. முகமெல்லாம் வியர்வை.

"எல்லாரும் வெளிய வந்தாச்சும்மா. உள்ள போனது அறுபது, வந்தது அறுபது. கையெழுத்து போடுங்க."

காகிதத்தைப் பார்த்தாள். முழுநாள் ஆட்கள் ஐம்பத்தொன்பது. அரைநாள் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆள். ஆக அறுபது. வெளியே வந்தது... ஐம்பத்தொன்பதரை. அரை வந்தால் முழுசாக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி.

அந்த அரை... அவள் தங்கை!

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே போகிறவர்கள் சொந்தச் செருப்பை அலமாரியில் விட்டுவிட்டு ரப்பர் ஷூ மாட்ட வேண்டும். செருப்பு ஆணி உரசி ஒரு பொறி பறந்தாலும் போச்சு! அலமாரி காலி. கீழ்த்தட்டில் மட்டும் ஒரு நீலச் செருப்பு ஜோடி. ஊக்கு குத்திய வார். அவள் வாங்கிக் கொடுத்தது.

பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். எப்போதும் போல் சிரித்த முகம்.

"குண்டறையைப் பூட்டியாச்சும்மா." சாவியை மேசையில் வைத்தார். அதே சாவியை இந்த அறையிலுள்ள வெடிப்பெட்டியில் திருப்பினால்தான் குண்டு வெடிக்கும். எண்ணிக்கை சரியாகும்வரை அது கிளார்க்கிடம் இருக்கும்.

அப்பாடா, அதிகாரி வந்துவிட்டார்! ஆனால் மேஸ்திரி பக்கத்திலேயே நிற்கிறானே? தங்கை பேச்சை எடுக்கப் பயந்தாள்.

"சார்... அலமாரியில ஒரு ஜோடி செருப்பு மிச்சம் இருக்கு."

"அதுக்கென்ன? உங்க தங்கச்சி மறந்துட்டுப் போயிருப்பா. சாவியைக் கொடுங்க."

சாவியை எடுக்கப் போன அவள் கை நின்றது.

யார் செருப்பு என்று அவள் சொல்லவே இல்லையே...!

மேஸ்திரியைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. பொய் எண்ணிக்கை எழுதுகிறவன்தான். கொலைக்கும் துணிவானா? தெரியாது. வேறு வழியும் இல்லை.

"மேஸ்திரி, இதுல முத்திரை இல்ல. குத்திட்டு வாங்க." சாவியைக் காகிதத்துக்குள் மடித்து மறைத்து நீட்டினாள். குனிந்து கிசுகிசுத்தாள். "குண்டறை... ஓடுங்க!"

அவன் ஓடினான்.

"முத்திரை எதுக்கு? நேரமாச்சும்மா!" அதிகாரியின் சிரிப்பு போயே போய்விட்டது.

"இருங்க சார், இன்னொரு தடவை கூட்டிடறேன்..."

கூட்டினாள். எண்கள் கண்ணில் நீந்தின. மேஸ்திரி நல்லவனாக இருக்க வேண்டுமே, கடவுளே!

பதினொன்று.

சைரன் அலறியது. அதிகாரி கையை நீட்டினார். தன் பையைத் துழாவி ஒரு சாவியைக் கொடுத்தாள். அவர் பார்க்கக்கூட இல்லை. வெடிப்பெட்டியில் செருகித் திருப்பினார்.

திரும்பவில்லை.

மறுபடி... ம்ஹூம்!

கதவு படாரென்று திறந்தது. இரண்டு சிப்பாய்கள், துப்பாக்கியோடு. பின்னால் மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் ரத்தம் வழிய, தங்கை!

"அக்கா... இவர்தான்! இல்லாத ஆளுங்களுக்கெல்லாம் மாசாமாசம் 'சரி'ன்னு கையெழுத்து போடறது இவர்தான்! போன்ல பேசறப்ப பின்னாலேருந்து அடிச்சுட்டாரு!"

சிப்பாய்கள் அதிகாரியின் கைகளை முறுக்கினார்கள்.

"சாவி...?" அவர் திணறினார்.

"அது எங்க வீட்டு பீரோ சாவி சார்."

தங்கையை இறுக்கி அணைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

"காகிதத்துல இவ அரை ஆளா இருக்கலாம் சார்... செருப்பை ஜோடியாத்தான் கழட்டினா!"