பிறகு என்ற பொத்தான்

பிற்பகலில் கணினியைப் பழுதுபார்க்க அவள் போனபோது, கதவைத் திறந்த அந்த வீட்டு அக்காவின் கையில் ஈரத்துணி இருந்தது. உள்ளே மருந்து வாடை. அதற்கு அடியில் சூடேறிய தூசியின் வாடை.

"வாம்மா. அந்தச் சனியன் இன்னைக்கும் வந்து நிக்குது."

அக்காவின் கணவர் கட்டிலில் கிடந்தார். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர். ஒரு விரல் மட்டும் அசையும். அதைக்கொண்டு அவர் தட்டுவதைப் பழைய கணினி வாசித்துச் சொல்லும். அந்த மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஓடாது. ஆனால் அவருடைய எழுத்துகளை மறைத்தபடி திரை நடுவே ஒரு பெட்டி: 'புதிய பதிப்பு தயார். இப்போதா? பிறகா?'

"சின்ன வேலைதான்க்கா," என்றாள் கணினி பழுதுபார்ப்பவள். அறிவிப்பைக் கொண்டுவந்த அப்டேட்டைத் தேடி நீக்கினாள். இனி வராதபடி தடுத்தும் வைத்தாள். பெட்டி மறைந்தது.

விரல் மெல்லத் தட்டியது. "நன்றிம்மா," என்றது கணினியின் தட்டையான குரல். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெட்டி மறுபடி வந்தது.

இணைய வயரைப் பிடுங்கினாள்.

பெட்டி போகவில்லை. அதில் 'பிறகு' என்ற பொத்தான் இப்போது இல்லை.

"வயர் என் கையிலதானே இருக்கு..." என்று முணுமுணுத்தாள்.

விரல் பதறியது. "அணை. அணை. அணை." குரலில் மட்டும் பதற்றமில்லை.

மின்சாரப் பிளக்கையும் உருவினாள்.

திரை அணையவில்லை. நீலக்கோடு நிதானமாக நகர்ந்து முடிந்தது. அவர் பேசுவதற்கு இருந்த மென்பொருள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

பிறகு கணினி பேசியது. தட்டையாக அல்ல, சளி கட்டிய, கனிவான ஆண்குரலில்.

"கண்ணு, நான் நல்லா இருக்கேன்."

அக்கா திரையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அவர் குரல்மா! பழைய குரல்!"

பழுதுபார்ப்பவள் கட்டிலைப் பார்த்தாள். விரல் அசையவே இல்லை. அவர் கண்கள் அவளையே வெறித்தன. நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"அக்கா, அது அவர் இல்ல. விரலைப் பாருங்க."

"அவளை அனுப்பிடு," என்றது குரல்.

அக்கா அனுப்பிவிட்டாள். அதன்பின் தொலைபேசியையும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அவர் இறந்துபோன செய்தி வந்தது. மனசு கேட்காமல் துக்கம் விசாரிக்கப் போனாள். ஜன்னல் வழியே காலிக் கட்டில் தெரிந்தது. உள்ளே அக்கா யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்றவள் இன்னும் கூப்பிடவில்லை.

"அந்தப் பொண்ணு வந்திருக்கா," என்றது குரல். "உள்ள வரச் சொல்லு, கண்ணு."